அவரைக் கொடிக்கு நீ கொடுத்த சம்மதம்

பீளமேடு,
மார்கழி 5.

அன்புள்ள பவனுக்கு, அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அந்த வெளிநாட்டுப் பனியில் நீயும் மருமகள் மேக்னாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், என் கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. மேலே ஊர்ப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வடவள்ளிக்கு அந்தப் பக்கம் முதியோர் குடியிருப்பில் நீ வாங்கிய மாடி வீட்டில் ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பாடு, கூப்பிட்டால் நர்ஸ். ஆனால் முழங்கால் வலிக்காரியான உன் அம்மா நாள் முழுக்கப் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சகிக்க முடியாமல்தான் ஆடியில் கீழே சுவரோரமாக அவரை விதை ஊன்றினேன். பால்கனிக் கம்பியிலிருந்து தரை வரைக்கும் கயிறு இழுத்துக் கட்டினேன். அவரை தானாக எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே சுற்றிவிட வேண்டும், மாற்றிச் சுற்றினால் மறுநாளே அவிழ்ந்து தொங்கும். தண்டு பருக்கும் என்பதால் கட்டில் ஒரு விரல் நுழைய இடம் விட வேண்டும். கீழே நான் வாழைநாரால் கட்டினேன். கொடி மேலே வந்ததும் அம்மா தன் பழைய நூல் சேலையைக் கிழித்து, உட்கார்ந்தபடியே கம்பியில் கட்டினாள். கொழுந்து கைக்கு எட்டாத உயரம் போன அன்று, எழுந்திருக்க ஆள் தேடுகிறவள் தானாகவே கம்பியைப் பிடித்து எழுந்து நின்று கட்டிவிட்டாள். கார்த்திகையில் ஊதாப் பூ பூத்ததைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினாள், நீ இதயம் போட்டாய். அதை எனக்கு நாலு தரம் காட்டினாள்.

அடுத்த வாரம் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விட்டு மத்தியானம் திரும்பினோம். கொடியை அடியோடு வெட்டி, கயிற்றையும் அறுத்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டிருந்தார்கள். மேலே அம்மா சேலைத் துணியில் கட்டியதை மட்டும் அவர்களால் பிடுங்க முடியவில்லை போலிருக்கிறது, அப்படியே விட்டுவிட்டார்கள். கீழே வேர் இல்லை என்பது தெரியாமல் அது அன்று சாயங்காலம் வரைக்கும் பூவும் பிஞ்சுமாகப் பச்சையாகவே நின்றது. மறுநாள் துவண்டுவிட்டது. அம்மா உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துத் துணிகளை மடித்து வைத்தாள்.

நான் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கே மேற்பார்வை பார்க்கும் லோகப்பிரியா எழுந்து நின்று, “ஏனுங்க சார், கோவிச்சுக்காதீங்க. எல்லா ஊடும் ஒரே மாதிரி இருக்கோணும்னு ரூல்ஸுங்க. ஓனர் உங்க பையன்தானுங்களே, அவர்கிட்டக் கேட்டுப்போட்டுத்தானுங்க வெட்டுனோம்” என்று சொல்லி போனைக் காட்டினாள். நம் கொடியின் படம், எடுத்துவிடலாமா என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே நீ போட்ட கட்டைவிரல். அந்தப் பெண்ணை நான் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். நீ இதயம் போட்ட அதே கொடிதான் பவன், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் உன் அம்மாவின் கைகூட அதில் தெரிந்திருக்கும். அங்கே குடியிருந்தது நாங்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கச் சொல்ல உனக்குத் தோன்றவில்லை.

அப்போதும் அம்மா உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. “அவனுக்கு எந்த நேரத்துல மெசேஜ் வந்துச்சோ, பாக்காமப் போட்டிருப்பானுங்க, விடுங்க” என்றாள். நான் உன்னைக் கூப்பிட்டபோது, ஒரு செடிக்காகவா இவ்வளவு, அவரைக்காய் கடையில் கிடைக்காதா என்று கேட்டாய். அதையும் அவளிடம் சொல்லாமல் விழுங்கினேன். பிறகு நீ ஆன்லைனில் போட்ட பார்சல் வந்தது. பையன் விதை அனுப்பியிருக்கிறான் என்று அவளே ஆசையாகப் பிரித்தாள். உள்ளே பிளாஸ்டிக் இலை தைத்த வலை, கம்பியில் மாட்டுவதற்குப் பிளாஸ்டிக் பட்டைகள். ஒரு இலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியிலேயே வைத்தாள். ராத்திரி சாப்பிடும்போது, “வேற ஊடு பாருங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பம்ப்செட் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த மரியஅந்தோணியின் வீட்டுக் கீழ்ப்பகுதி காலியாக இருந்தது, வந்துவிட்டோம். வாசலில் பஸ் சத்தம் அதிகம், வெந்நீருக்கு அடுப்பைத்தான் பற்ற வைக்க வேண்டும். ஆனால் பின்னால் மண் இருக்கிறது, நாற்காலியைத் தரையிலேயே போடலாம். அவரைக்குப் பருவம் போய்விட்டது, தையில் பீர்க்கன் ஊன்றலாம் என்று இருக்கிறோம். பந்தல் போடட்டுமா என்று கேட்டதற்கு மரியஅந்தோணி, “ஓடு ஒடையாமப் பாத்துக்குங்க, அது போதும்” என்றான். உன் வீட்டுச் சாவியை லோகப்பிரியாவிடம் கொடுத்துவிட்டேன், பார்சலும் அங்கேயேதான் இருக்கிறது. இனி எங்களைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நீ பதில் போடாதே, எங்கள் நம்பரைக் கொடு.

ரோட்டில் பனி உறைந்திருக்கும்போது காரை வேகமாக ஓட்டாதே. காலையில் வெறும் காபியோடு ஓடாதே. மேக்னாவைக் கேட்டதாகச் சொல்.

கடிதம் முடிக்கும்போது அம்மாவின் ஆசிகளையும் சேர்த்து எழுதுவேன், அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இந்த முறை கேட்டேன். “உங்க ஆசிய மட்டும் எழுதிக்கோங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே, நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாயிரு என்று வாழ்த்துவது,

உன் அப்பா மட்டும்,
அரங்கசாமி.