புல் அடைச்ச மணி

1936, ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை ராத்திரி.

மச்சான் இன்னும் வந்து சேரல.

காலையில சுருளிப்பட்டியிலிருந்து ரெண்டு பேரும் மாடுகளை மலைக்கு ஏத்துனோம். மணிச்சத்தம் கேட்டா பாரஸ்ட் கார்டு மாடுகளைப் பிடிச்சுப் பவுண்டுத் தொழுவத்துல அடைச்சிருவான். அதனால முன்மாட்டு மணிக்குள்ள மச்சானே புல்லைத் திணிச்சாக. "காவல் எல்லை தாண்டுனதும் கொரல் குடுக்கேன். அப்பப் புல்லை உருவிரு மாப்ள" என்றாக. எப்பவும் அப்படித்தான். நான் முன்னால போவேன். அவுக கடைசியில, மணிச்சத்தத்தைப் பிடிச்சு வருவாக.

கணவாயில மஞ்சு இறங்கி மாடே மறைஞ்சுபோச்சு. எல்லைக்கல்லு அவுக கண்ணுல பட்டிருக்காது. அவுக கொரலுக்காக நான் புல்லை எடுக்காமலே நடந்தேன். மணிக்காக அவுக அங்கன நின்னுருப்பாக.

இந்தப் பக்கம் இறங்கிப் பாத்தா மாடுக மட்டும் நிக்குது. புல்லை உருவிப் போட்டுட்டுத் திரும்ப ஓடுனேன். சரிவு ஓரத்துல அவுக கம்பு கெடந்துச்சு. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு.

அக்காகிட்ட என்னன்னு சொல்ல.

கிடையில முன்மாடு அசைபோடும்போதெல்லாம் மணி அடிக்குது. கேக்க முடியல. மறுபடி புல்லை அடைக்கலாம்னு எந்திரிச்சுப் போனேன். கை வரல. எங்கனயாச்சும் கெடந்து மச்சான் அதைக் கேட்டுக்கிட்டிருந்தா.