விளையாட்டாய்ச் சொன்ன வாக்குமூலம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. இந்தத் தடவை முடியவில்லை. போனில் சொல்லியிருப்பேன். நீ நடுவில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

போன வாரம் உன் மாமா ஓட்டிய பஸ் சந்தை முனையில் திரும்பும்போது சுவரில் இடித்தது. "சுவர் குறுக்க ஓடி வந்துச்சா மாமா?" என்று குடும்ப குரூப்பில் போட்டாயே, அதுதான். படியருகே நின்றிருந்த ஓர் அம்மாளுக்குக் கை முறிந்ததை நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. மாமா உனக்குப் பதிலாக ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினார். பிறகு குளியலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டபடி இருந்தார்.

திங்கட்கிழமை டிப்போவில் விசாரணை. எப்படி நடந்தது என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவர் வழக்கம்போல, "எனக்குக் கண்ணு பிடரியில சார். என்னை நம்பி வண்டியக் குடுத்தது உங்க தப்பு" என்றிருக்கிறார். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். "ஒரு அம்மா கை உடஞ்சு கெடக்கு, உனக்கு நக்கலா?" என்று அதிகாரி எரிந்து விழுந்திருக்கிறார். கவனக்குறைவை ஓட்டுநரே ஒப்புக்கொண்டார் என்று எழுதி, இவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நேற்று டிப்போ மெக்கானிக் வந்தார். உள்ளே வரக்கூட இல்லை. "பிரேக் சரியா பிடிக்கலன்னு அண்ணன் ரெண்டு தடவ புகார் நோட்டுல எழுதினாரு அண்ணி. அதை ஏன் சொல்ல மாட்டேங்குறாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமாவிடம் கேட்டேன். "சொன்னா, தப்பிக்கப் பாக்குறான்னு சிரிப்பாங்க" என்றார்.

கல்யாணமான புதிதில் அவர் இப்படி இல்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிற மனிதர். நம் வீட்டில் பேச்சென்றாலே ஒருவர் காலை ஒருவர் வாருவதுதான். உன் வாய்க்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. நீ ஆரம்பிப்பதற்குள் தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொண்டால் வலி குறைவு என்று பழகிக்கொண்டார். மாமாவும் நம்மோடு சேர்ந்துவிட்டார் என்று நாம் சந்தோஷப்பட்டோம். உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறு விசாரணை. என் எதிரே சொல்லிப் பார்க்கச் சொன்னேன். "பிரேக் பிடிக்கல சார்." மூன்றே சொல். மூன்றாவது சொல் வருவதற்குள் சிரிப்பு வந்துவிடுகிறது. அது பயத்தில் வருகிற சிரிப்பு என்று எனக்குத் தெரியும். அந்த அதிகாரிக்குத் தெரியாதே.

இந்தக் கடிதம் புதன்கிழமைக்குள் வந்துவிடும் என்றார்கள். கிடைத்த உடனே மாமாவைப் போனில் கூப்பிடு. மன்னிப்பு என்று பெரிதாக எதையும் ஆரம்பிக்காதே, அதையும் வேடிக்கையாக்கிவிடுவார். என்ன நடந்தது என்று மட்டும் கேள். அவர் ஏதாவது சொல்லிச் சிரித்தால் நீ சிரிக்காதே, பேசாமல் இரு. நோட்டில் எழுதியதை அவர் வாயால் ஒருவரிடமாவது ஒழுங்காகச் சொல்லட்டும். என்னிடம் அவரால் முடியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. அவர் அழுதால் பதறாதே. போனை மட்டும் வைத்துவிடாதே.

உன் அக்கா