பங்கா நின்ற மதியம்

மாப்பிள்ளை,

மத்தியானம் கரண்ட் போய்விட்டது. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறி, கிறீச் கிறீச்சென்று நாலு தடவை முனகிவிட்டு நின்றது. வீட்டில் எல்லோரும் கரண்ட்காரனைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. முனகல் அடங்கியதும் என் குதிகால் தானாகத் தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கால் இன்னும் மறக்கவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் மகள் பாவாயி. என் மகனைக் கட்டி என் வீட்டுக்கு வந்தவள். "உங்கப்பனுக்கு ஒரு கடுதாசி எழுதணும் சாமி, உக்காரு" என்றேன். நீ போய் ஆறு மாசமாகிறது. "செத்தவங்களுக்கு ஆருங்க மாமா கடுதாசி போடுவாங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் காகிதத்தை எடுத்தாள். என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

மேட்டூர் அணை கட்டி முடிந்த மறு வருஷம். சேலம் ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு கிளப் இருந்ததே, துரைமார்களும் ரயிலோட்டுகிற ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர்களும் கூடுகிற இடம். அப்போது அங்கே கரண்ட் கிடையாது. கூடத்து உத்தரத்தில் துணி தைத்த நீளச் சட்டங்கள் வரிசையாகத் தொங்கும். எல்லாவற்றையும் கோத்த ஒரே கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே வரும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து அதை இழுத்து இழுத்து விட்டால் உள்ளே காற்று வீசும். அதுதான் பங்கா. நீயும் நானும் முறை வைத்து இழுத்தோம். அந்த வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தது நான். என் தங்கையைக் கட்டிக் கொடுத்ததும் நான்தான். ஊரார் முன்னால் "வாங்க மாப்பிள்ளை" என்பேன். தாழ்வாரத்தில் நீ "டேய் மச்சா", நான் "போடா".

பங்கா நின்றால் இழுக்கிறவன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். வேறு காரணம் இருக்கக்கூடும் என்று உள்ளே இருந்த ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அன்றைக்குச் சித்திரைக் கடைசி ஞாயிறு. மதராஸிலிருந்து ஊட்டிக்குப் போகிற பேண்டு வாத்தியக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பதாக ஏற்பாடு. மற்றவர்கள் ரயிலைத் தவறவிட்டு இரண்டே பேர் வந்து இறங்கினார்கள். ஆட வந்தவர்களுக்கு முகம் தொங்கிப் போய்விட்டது. கிளப் பட்லர் வந்து நம்மிடம் சிரித்தார். "ஒருத்தன் சொரைக்காய் கொண்டாந்திருக்கான். இன்னொருத்தன் பொணப்பெட்டியாட்டம் ஒண்ணத் தூக்கிட்டு வாரான்டா."

"உள்ள ஆளிருக்கானான்னு பாத்தீங்களா?" என்றாய் நீ.

கயிறு வருகிற ஓட்டையில் கண்ணை வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தோம். கிதார் வைத்திருந்தவன் கோவாக்காரனாம், ஒல்லியான ஆள். மற்றவன் அமெரிக்காக்காரனாம். நம்மைவிடக் கருப்பு; வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை. ஆளைவிட உயரமான ஒரு பிடிலைத் தோளோடு சாய்த்து நின்றிருந்தான். வில் இல்லை. விரலாலேயே இழுத்து விட்டான்.

மைக்கெல்லாம் கிடையாது. கிதார்ச் சத்தம் கேப்பையை முறத்தில் கொட்டினதுபோலப் பொலபொலவென்று வந்தது. ஆனால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக விழுந்தது. அத்தனை வேகத்தில் ஒரு கை ஓடி நான் பார்த்ததெல்லாம் தறியில் நாடா ஓடுகிறபோதுதான். அதற்கடியில் ஏதோ ஒன்று இருந்தது, பிடிபடவில்லை. மாடு பூட்டிக் கவலை இறைக்கிற கிணற்றில் தோல்பறி தண்ணீர் கொட்டுகிற தொம், தொம். காதுக்கு வருவதற்கு முன்னால் பங்காவின் கிறீச்சு அதைத் தின்றுவிடும்.

நீ காதைச் சுவரில் வைத்தாய். பிறகு தரையில் வைத்தாய். எழுந்து, "மச்சா, அந்தப் பெருசு பாடல. நடக்குது" என்றாய்.

"என்னது?"

"ஒரு ஆளு நடந்து போறான். சின்னது அவனச் சுத்திச் சுத்தி ஓடுது. நிறுத்து மச்சா. இந்தக் கிறீச்சுல அவன் நடக்கறது காதுல உழுகவே மாட்டேங்குது."

"தொரைங்க வேத்துச் செத்துப்போவாங்கடா."

"ஒரு பாட்டுக்கு வேத்தா ஆரும் சாக மாட்டாங்க. உடு."

முறை என்னுடையது. கயிறு என் கையில் இருந்தது. விட்டது நான்தான். பாவாயி, இதைக் கொட்டை எழுத்தில் எழுது.

பங்கா நின்றது. கூடத்தில் ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் அவன் நடப்பது எல்லோருக்கும் கேட்டது போல. கிதார்க்காரன் தன் ஓட்டத்தைக் குறைத்து, ஓரமாக நின்று டிக், டிக் என்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தான். பெரிய வாத்தியம் தனியாகப் புறப்பட்டது. மேடு ஏறியது, மூச்சு வாங்கியது, சரிவில் தடதடவென்று இறங்கியது. அவ்வளவு பெரிய மரத்திலிருந்து குழந்தை சிணுங்குகிற மாதிரி ஒரு மெல்லிசான சத்தத்தை எடுத்தான் அந்த மனுஷன். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக நிறுத்தினார்கள். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. கண்ணால் கூடப் பார்த்துக்கொள்ளாமல் இருவரும் ஒரே சமயத்தில் திரும்பப் பிடித்தார்கள். உன் குதிகால் தரையைத் தட்டியது. என் குதிகாலும் தட்டியது. உன்னைப் பார்த்தேன். கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தாய், இமைக்கவே இல்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் கிளப் காரியதரிசி துரை சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தார். கூடவே பட்லர்.

"பங்காவ எவன்டா நிறுத்தினது? தொரை கேக்கறாரு."

நான் எழுந்து நின்றேன். என் வாய் எனக்கு முன்னால் எழுந்துவிட்டது. "நான் தண்ணி குடிக்கப் போயிருந்தனுங்க. அவன் முறைங்க. தூங்கிட்டானாட்ட இருக்குதுங்க."

பாவாயி பேனாவை நிறுத்திவிட்டாள். எழுது என்றேன்.

முறை யாருடையது என்று நீ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்தாய். துண்டை உதறித் தோளில் போட்டாய். அங்கேயே சீட்டுக் கிழிந்தது உனக்கு. பத்துப் படி இறங்கி, வாசல் தாண்டி, புளிய மரங்களுக்கு நடுவே நடந்தாய். அதுவரைக்கும் செய்தது பயத்தில் செய்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு செய்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை.

அந்தக் கருப்பு மனிதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே தாழ்வாரத்துக்கு வந்தான். பட்லரிடம் ஏதோ கேட்டான். பட்லர் முழித்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "எந்த ஊருக்குப் போனாலும் பங்காச் சத்தம் இவரு வாத்தியத்த முழுங்கிருமாம். இன்னிக்குத்தான் முழுசாக் கேட்டுதாம். நிறுத்தினவன் ஆருன்னு கேக்கறாரு. கை குடுக்கோணுமாம்."

நீ இன்னும் மூன்றாவது புளிய மரத்தைத் தாண்டவில்லை. உன் முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு குரல் கொடுத்தால் திரும்பியிருப்பாய்.

"நானுங்க" என்றேன்.

ஒரே கேள்வி. அரை நாழிகைக்குள் இரண்டு பேர் கேட்டார்கள். அடி விழுகிற இடத்தில் உன்னைக் காட்டினேன், கை கொடுக்கிற இடத்தில் என்னைக் காட்டினேன். பட்லருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதனுக்குப் புரியவில்லை. இரண்டு கையாலும் என் வலக்கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அதோடு விட்டேனா? ஊரில் வேலை ஏன் போனது என்று என் தங்கை கேட்டாள், அப்பன் கேட்டார், கிணற்றடியில் கேட்டார்கள். கிளப்பில் ஒரு தடவை சொன்ன பொய்யை ஊரில் தினமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது மாதிரி ஆகிவிட்டது. தூங்குமூஞ்சி மாப்பிள்ளை என்று உனக்குப் பேர் விழுந்தது. அது தாங்காமல்தான் நீ என் தங்கையைக் கூட்டிக்கொண்டு பள்ளிபாளையம் போய்ச் சாயப்பட்டறையில் சேர்ந்தாய். பேர் அங்கேயும் வந்தது. நல்ல நாளில் விருந்துக்கு வந்து நீ இலையில் உட்கார்ந்தால், "தூங்கிராதீங்க மாப்பிள்ளை, சோறு ஆறிரும்" என்பான் எவனாவது. எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். நானும் சிரித்திருக்கிறேன்.

உன் மேலும் எனக்கு ஆத்திரம் உண்டு, மாப்பிள்ளை. ஒரு தடவை என் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஊர் நடுவே துப்பியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல், உன் மகளையும் என் மகனுக்கே கொடுத்துவிட்டுப் போனாய். அது மன்னிப்பா, தண்டனையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது நீ கட்டிலோடு கிடந்தாய். விரல் நகத்தில் மட்டும் சாயம் போகவே இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"அந்தாளு உனக்குக் கை குடுத்தானாமா?"

"ஆரு சொன்னா?"

"பட்லரு. அந்த வாரமே சந்தையில பாத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "கை எப்படிடா இருந்துச்சு?"

"காப்புக் காச்சிப்போயிக் கெடந்துச்சு. கயிறு இழுத்த நம்ம கையாட்டமே இருந்துச்சு."

"நெனச்சேன்" என்றாய். சந்தோஷம் மாதிரி ஏதோ உன் முகத்தில் வந்து போனது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய்: "வேல போனாப் போகட்டும் மச்சா. தூங்கிட்டான்னு சொல்லிப்போட்டியே. அன்னிக்கு நான் கண்ணு கூடச் சிமிட்டல."

அதற்கு மேல் நீ என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆள் வந்து நீ போய்விட்டதாகச் சொன்னான்.

கரண்ட் வந்து விசிறி மறுபடி கிறீச்சிட ஆரம்பித்தது. பாவாயி எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எங்கப்பன் தூங்கலீங்களா?" என்றாள்.

"இல்ல சாமி."

"எம்பட பசங்க கூடச் சொல்லிச் சிரிப்பாங்க. நானே சிரிச்சிருக்கேனுங்க மாமா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேல சொல்லுங்க" என்கிறாள்.

சொல்வதற்கு இவ்வளவுதான் இருக்கிறது. கீழே என் ரேகையை வைக்க வேண்டும். பேனா மையைத் தடவி, இடக்கைப் பெருவிரலைக் கேட்பாள். பத்திரமானாலும் பாங்கியானாலும் கேட்பது அதைத்தான். நான் வலக்கையைத்தான் நீட்டப் போகிறேன். அந்த மனிதன் பிடித்துக் குலுக்கியது அதைத்தான். இத்தனை வருஷம் அதில்தான் அள்ளிச் சாப்பிட்டேன், உன்னைக் கும்பிட்டேன், உனக்கு வாய்க்கரிசி போட்டேன். அதில் இருப்பது உன்னுடையது, மாப்பிள்ளை. புளிய மரத்தடியிலேயே உன்னைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்க வேண்டியது.