அவளைக் கேட்க வேண்டாம்

ஐப்பசி 10, திங்கள்

என்னைக் கேட்க வேண்டாம் என்று அவர் அவர்களிடம் சொன்னார். நடந்த அநியாயம் இதுதான். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

விடிந்ததிலிருந்து தூறல். துறைமுகத்தில் ஒன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம். துணி காயாது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். அவர்கள் என்றால் சிதம்பரத்துச் சம்பந்திகள். என் மகள் கயலைப் பெண் பார்க்க வந்த அன்று, இதே கூடத்தில். பையனின் அப்பா காலேஜில் வேலை பார்த்தவர். தட்டை வைத்துவிட்டுத் திரும்பிய என்னை நிறுத்தி, சிரித்த முகமாக, இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அதில் 'ஹேப்பி' மட்டும் எனக்குப் புரிந்தது. பெண்ணைக் கொடுக்க எனக்குச் சந்தோஷமா என்று கேட்கிறார், இதுகூடவா தெரியாது. வாயைத் திறந்தேன். அதற்குள் இவர், "அவள எதுக்கு சார் கேக்குறீங்க? அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவள கேக்காதீங்க, எதுன்னாலும் என்னைக் கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கயலும்.

அன்றோடு அவரிடம் நேர்ப் பேச்சு நின்றது. சோறு உண்டு, துவைத்த துணி உண்டு, வேளாவேளைக்கு மாத்திரை உண்டு. பேச்சு கிடையாது. இங்கிலீஷ் தொடங்கியதும் அன்றைக்குத்தான். கயலின் பழைய பள்ளிப் புத்தகங்கள், அட்டை போன ஓர் இலக்கணப் புத்தகம். யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தா என்று நானும் யாரையும் கேட்கவில்லை.

இப்போது நடக்கும் பாடம்: ஒருவர் இட்ட கட்டளையை, கேட்ட உதவியை, இன்னொருவரிடம் நம் வாயால் சொல்வது. அதிகாரமாகச் சொல்லியிருந்தால் 'டோல்ட்'. தயவாகக் கேட்டிருந்தால் 'ஆஸ்க்டு'. கூடாது என்றால் நடுவில் ஒரு 'நாட்'. பயிற்சி ஒரு பக்கம் முழுக்க. ஆசிரியர் மாணவர்களை உட்காரச் சொன்னார். அதிகாரி சிப்பாய்களை நடக்கச் சொன்னார். எழுதி முடித்துப் பின்பக்க விடையோடு பார்த்தேன். இரண்டு தப்பு. இரண்டும் அவசரத்தில் வந்தவை.

எழுத வருகிறது. வாயால் சொல்லிப் பார்க்கத்தான் வழியில்லை. இந்தப் பாடத்துக்கு மூன்று பேர் வேண்டும். சொன்னவர் ஒருவர், அதைக் கேட்டவர் ஒருவர், கேட்டவர் போய்ச் சொல்ல இன்னொருவர். அடுப்படியில் நானும் மிக்சியும்.

இந்த வீட்டில் மூன்றாவது ஆளாகக் கயல்தான் இருந்தாள். "அம்மா, அப்பா உப்ப கம்மியா போட சொல்றாரு." "அப்பா, குடைய எடுத்துகினு போவ சொல்றாங்க அம்மா." கல்யாணமாகிச் சிதம்பரம் போன பிறகும் அவள்தான். அவர் கூடத்திலிருந்து அவளுக்குப் போன் போடுவார். அவள் அங்கிருந்து அடுப்படியில் இருக்கிற எனக்குப் போடுவாள். சட்டினி காரம் ஜாஸ்தி என்கிற சேதி சிதம்பரம் போய்த்தான் கடலூர் திரும்பி வரும்.

ஐப்பசி 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கொல்லைச் சுவரில் பாசி.

பால் ஊற்றுகிற மல்லிகா வந்தபோது அவர் வாசலில் நின்றார். நான் பாத்திரத்தோடு பக்கத்திலேயே.

"மல்லிகா, நாளைக்கும் நாளானிக்கும் பால் வேணாமான்னு கேளு. ஆஸ்பத்திரிக்குப் போறமில்ல."

"யார கேக்க? அம்மா இங்கதான நிக்கிறாங்க."

"கேட்டு வையேன்."

"வேண்டாம்னு சொல்லு மல்லிகா," என்றேன்.

"நல்லாருக்குது உங்க கத. நான் பால் ஊத்த வந்தனா, பஞ்சாயத்து பண்ண வந்தனா?" அவர் சிரித்தார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நாளை அவருக்குக் கண் ஆப்பரேஷன். வலது கண்ணில் புரை. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி, கயல் விசாரித்து வைத்தது. மத்தியானம் அவள் போன். குரலில் முன்கூட்டியே ஒரு விறைப்பு.

"அம்மா, நாளைக்கும் வியாழக்கிழமை காலையிலயும்தான் எனக்கு லீவு. அப்புறம் மருந்து நீதான் ஊத்தணும். ஒரு நாளைக்கு நாலு வேள. ஒவ்வொரு வேளைக்கும் நீ எனக்குப் போன் போட்டு நான் அப்பாவுக்குப் போட்டு, இதெல்லாம் நடக்காது. இனிமே நடுவுல நான் இல்ல. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"பாத்தியா, ஆரம்பிச்சிட்ட. அதையும் நான் சொல்ல மாட்டேன். அவரையே கேட்டுக்க."

என் மகள் என்னை அவரிடமே கேட்கச் சொன்னாள். வாக்கியம் சரி. 'டோல்ட்' போட்டேன். தயவாகக் கேட்டதுபோல் இல்லை.

எடுத்துப்போக: துண்டு 2, பிளாஸ்க், அவர் சுகர் மாத்திரை, என் கண்ணாடி, இலக்கணப் புத்தகம், சீப்பு.

சாயங்காலம் வீட்டில் சத்தமே இல்லை. டிவியைக்கூட அவர் போடவில்லை. கூடத்தில் ஒருமுறை இருமினார். அவ்வளவுதான் இன்றைக்கு.

ஐப்பசி 12, புதன்

சிதம்பரம். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவது.

பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால் பெண்கள் பக்கம். கண்டக்டர் அவரிடம், "ரெண்டுன்னு கேட்டீங்க. இன்னொரு ஆளு எங்க பெரியவரே?" திரும்பிப் பார்க்காமல் கட்டைவிரலால் பின்னால் காட்டினார். கண்டக்டர் என்னைத் தாண்டி யாரையோ தேடிவிட்டுப் போனார். வெள்ளாற்றில் தண்ணீர் கலங்கலாக, பாலத்துக்குக் கீழே வேகமாக.

கயல் பஸ் நிலையத்துக்கே வந்திருந்தாள். அவளுடைய மாமனார் மாமியார் மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்களாம். நல்லதாயிற்று.

பெயர் பதிந்து, சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கயல் கீழே மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து நர்சுப் பெண் வந்தாள், கையில் பேனா.

"அய்யா, சுகருக்கு என்ன மாத்திரை? எத்தன எம்ஜி? காலையிலயா நைட்டா? முன்ன எப்பவாச்சும் ஊசி ஏதும் ஒத்துக்காம போயிருக்குதா?"

அவர் படியைப் பார்த்தார். கயல் வரவில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. அவள கேளுங்க."

நான் சொன்னேன். மாத்திரைப் பெயர், அளவு, வேளை, எந்த ஊசிக்கு உடம்பு தடித்தது, எல்லாம். அவள் இங்கிலீஷில் கேட்ட இரண்டுக்கு இங்கிலீஷிலேயே.

"அம்மா டீச்சரா?"

"இல்ல."

அவர் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கேட்கச் சொன்னார். உண்மை, என் காதால் கேட்டேன். நெஞ்சுக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்ததும் உண்மை. ஆனால் இது போதாது. அன்றைக்குச் சொன்னது சம்பந்தியிடம். இன்றைக்குச் சொன்னது முன்பின் தெரியாத நர்சிடம், வேறு வழி இல்லாமல். எங்கே போட்டாரோ அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும்.

ஆப்பரேஷன் முடிந்தது. கண்ணில் கட்டு. டாக்டர் சொன்னவை: குனியக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. பளு தூக்கக் கூடாது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது. கடைசியைச் சொல்லியிருக்கவே வேண்டாம், ஒரு நாளும் போனதில்லை. எல்லாவற்றையும் பாடத்தில் உள்ளபடி எழுதிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. காட்டத்தான் யாரும் இல்லை.

கயல் வீட்டுக்கு வந்து படுக்கக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். இப்போது இரவு, அவர் கட்டிலில், நான் பாயில். அவர் தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிகிறது. நான் தூங்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஐப்பசி 13, வியாழன்

கட்டு அவிழ்த்தாயிற்று. நன்றாகத் தெரிகிறதாம். மாப்பிள்ளை காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் திரும்பினார். கடலூரில் பலத்த மழை. கொல்லைக் கதவு ஊறி, சாத்த மறுக்கிறது.

நான்கு மணி. முதல் சொட்டு.

கூடத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் மருந்தோடு எதிரே நிற்கிறேன். அவர் மேலே பார்க்க வேண்டும். பார்க்கச் சொல்ல ஆள் இல்லை. மல்லிகா வரும் நேரம் இல்லை. மோவாயை விரலால் தூக்கினேன். தலை நிமிர்ந்தது, கண் மட்டும் தரையைப் பார்த்தது. சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"கண்ணுல ஊத்த சொல்லுங்க," என்றார். யாரிடம்? மின்விசிறியிடம்.

மறுபடியும். இந்த முறை மூக்கில்.

"மருந்து எல்லாம் மூஞ்சிக்கே போயிடும்போல."

"லுக் அப்," என்றேன்.

பார்த்தார். சொட்டு நடுக் கண்ணில். "க்ளோஸ்." மூடினார். இடது கண்ணை மட்டும் திறந்தார். பிறகு, "எங்க கத்துகிட்ட?"

என்னிடம்தான். கேட்டது என்னை, பார்த்தது என்னை, ஒற்றைக் கண்ணால். இத்தனை காலத்துக்குப் பிறகு. பதில் நாக்கு நுனி வரை வந்தது. மருந்துப் புட்டிக்கு மூடி போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இங்கிலீஷில் சொன்னது பேச்சுக் கணக்கில் வராது. அது மருந்துக் கணக்கு.

அடுப்படிக்கு வந்து அரிசி களைய உட்கார்ந்தேன். களைந்த அரிசியையே திரும்பக் களைந்துகொண்டிருந்தேன்போல. எங்கே கற்றுக்கொண்டேன்? இங்கேதான். அவருக்கும் எனக்கும் நடுவே இருக்கிற இந்த ஒரு சுவருக்கு இந்தப் பக்கம். தினமும். உரக்கப் படித்திருக்கிறேன். அவர் காதில் விழவே இல்லையா, அல்லது டிவி என்று நினைத்துக்கொண்டாரா?

ஐப்பசி 14, வெள்ளி

வெயில், கொஞ்ச நேரம். தலையணைகளை வெளியே போட்டு எடுத்தேன். மாவு அரைத்தாயிற்று.

மருந்து நான்கு வேளையும் சரியாக விழுந்தது. லுக் அப், க்ளோஸ். நான் கிட்டே வந்தாலே நிமிர்ந்துவிடுகிறார். அவரும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கயல் போன். சம்பந்திகளோடு அவளும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம், அவரைப் பார்க்க. கல்யாண வீட்டுப் பட்சணமும் கொண்டு வருகிறார்களாம்.

"வரட்டும். அவர் என்னைப் பத்திச் சொன்னத அவுங்க முன்னாடியே திருத்திச் சொல்லணும்."

"அம்மா, இன்னுமா அது? அவுங்களுக்கெல்லாம் ஞாபகமே இருக்காது."

"எனக்கு இருக்குது."

"அப்பா ஏதோ வெளாட்டுக்குச் சொன்னாரு. விட்டுடும்மா. தயவுசெஞ்சு விட்டுடு."

விட்டுவிடச் சொன்னாள். தயவுசெய்து என்றதால் இது 'ஆஸ்க்டு'. எழுதிக்கொண்டே வந்தபோதுதான் கண்ணில் பட்டது. இந்த நோட்டு முழுக்க எனக்குச் சொல்லப்பட்டவைதான். உப்பைக் குறைக்கச் சொன்னார், கதவைச் சாத்தச் சொன்னார், மறக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். நான் ஒருத்தரிடம் ஒன்று கேட்டேன், அவர் செய்தார் என்று எழுத ஒரு வாக்கியம் தேடினேன். மருந்துக்கு நிமிர்ந்தாரே, அது ஒன்றுதான்.

அன்றைக்கு என்னைக் கேட்க விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா. 'சந்தோஷம்' என்று. அவ்வளவுதான். பையனை எனக்கு வந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். மறுப்புச் சொல்லிவிடுவேன் என்று பயந்து தடுத்திருந்தால்கூட அதில் ஓர் அர்த்தம் உண்டு. ஒரு சொல். அதைச் சொல்லவிடவில்லை.

கயல் வீட்டுக்கு ஊறுகாய் கட்டி வைக்க. அவர் கறுப்புக் கண்ணாடியின் ஒரு கால் லூஸ்.

ஐப்பசி 15, சனி

இரவெல்லாம் மழை. கரண்ட் போய் வந்தது. மல்லிகா நனைந்துகொண்டு வந்தாள், துண்டு கொடுத்தேன்.

காலை மருந்துக்குப் பிறகு அவர் எழுந்து போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, "நாளைக்கு அவுங்க வர்றாங்களாமே," என்றார். பெயர் இல்லை, கூப்பிடுதல் இல்லை. ஆனால் கூடத்தில் வேறு யாரும் இல்லை. நின்றேன். "என்ன செய்யணும்?" என்றார்.

வாயால் சொல்ல மாட்டேன். கேட்டாரே என்பதற்காக எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் மருந்துப் பெட்டிமேல் வைத்துவிடுவேன். ஒரு கண்ணால் படிக்கட்டும்.

நாளைக்கு ஆக வேண்டியவை:

கண் மருந்து, நான்கு வேளை: நான்.

பால் அரை லிட்டர் கூடுதல், மல்லிகாவிடம் சொல்வது: அவர். நான் பக்கத்தில் இல்லாதபோது.

பலகாரம், காபி: நான். கூடத்துக்குக் கொண்டுவருவது: கயல்.

சம்பந்தியிடம், சம்பந்தியம்மாவும் கயலும் மாப்பிள்ளையும் கேட்க, அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்வது: அவர். தன் வாயால். விளையாட்டு என்கிற சொல் வரக் கூடாது.

நடுவில் புகுந்து சிரித்து மழுப்பாமல் இருப்பது: கயல்.

அன்றைக்குக் கேட்டதைத் திரும்ப ஒருமுறை கேட்பது: சம்பந்தி. தமிழோ இங்கிலீஷோ, அவர் விருப்பம்.

நாற்காலிகளைத் துடைத்துப் போடுவது: நான், அவர் குனியக் கூடாது. எத்தனை பேர் வந்தாலும் அதில் ஒன்று எனக்கு.

அவர்கள் படியேறி வரும்போதே அதில் உட்கார்ந்திருப்பது: நான்.

கேட்டால் பதில் சொல்வது: நான்.

கேட்காவிட்டாலும் எழுந்து அடுப்படிக்குப் போகாமல் இருப்பது: நான்.