வெல்டிங் முடித்து எட்டிப் பார்க்கும் கை

இன்று காலையும் அது எட்டிப் பார்த்தது. ஒரு கோடு வெல்டிங்கை முடித்ததும் ரோபோ கை கொஞ்சம் மேலே எழுந்து, மூன்று மூச்சு நேரம் அப்படியே நின்றுவிட்டு அடுத்த கோட்டுக்குப் போனது. சுட்ட இரும்பின் வாசனை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கண் கிடையாது, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பார்த்தது நீ.

நாம் வேலை பார்த்த பட்டறையை மூடிய மாதம்தானே பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்தில் இந்தக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தோம்? சின்னப் பசங்களுக்கு நடுவே, ஐம்பதைத் தொடப் போகிற இரண்டு தடியன்கள். பிரின்சிபாலே வாசலுக்கு வந்து எனக்குக் கைகொடுத்தார் என்று நம்ம ஏரியா ஆஸ்டின் டவுன் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். வாட்ச்மேன் நம்மை பிளம்பர் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டியது உனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ரோபோவின் கையைப் பிடித்து ஒருமுறை நடத்திக் காட்டினால் போதும், அதே வழியை மனப்பாடம் செய்துகொள்ளும். நான் நடத்தியபோது போய் மேஜையில் இடித்தது. நீ பிடித்தபோது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி கூடவே வந்தது. கோடு முடிந்ததும் முகமூடியைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பாயே, இருபத்தைந்து வருஷப் பழக்கம், அதையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்துவிட்டாய்.

"டேய், அது மிஷினுடா. எதுக்கு நிறுத்துற?" என்றேன்.

"பாக்காம எப்படிடா அடுத்ததுக்குப் போறது?" என்றாய்.

பரீட்சை நாளில் வெளியிலிருந்து வந்த அதிகாரி அந்த வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கன்னடத்தில் கேட்டார். லேப் உதவியாளர் வேலை ஒன்றே ஒன்றுதான் காலி என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். என் வாய் முந்திக்கொண்டது. "நானே சார்."

நீ மறுக்கவில்லை. வெல்டிங்கைப் பார்க்கிற மாதிரியே என் முகத்தை ஒருமுறை பார்த்தாய், அவ்வளவுதான். வேலை எனக்குக் கிடைத்தது, நீ ஒக்கலிபுரம் பக்கம் ஜன்னல் கிரில் செய்கிற கடைக்குப் போய்விட்டாய். "அவனுக்கு அந்த மிஷின் பிடிபடலம்மா" என்று உன் வீட்டில் சொன்னதும் நான்தான். இரண்டு வருஷம் கழித்து, பாதி வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே விழுந்தாய். எழுந்திருக்கவில்லை.

இன்று அது எட்டிப் பார்த்தபோது லேபுக்குப் பொறுப்பான மேடமும் பக்கத்தில் நின்றார். "அங்கிள், நீங்க சொல்லிக் கொடுத்ததுல சும்மா சும்மா நிக்குதே, அதையெல்லாம் எடுத்துடுங்க. நாளைக்குப் புது பேட்ச் வருது" என்றார். அழிக்கிற பட்டன் வரைக்கும் விரல் போனது, அழுத்த மனசு வரவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு உன் வீட்டுக்குப் போனேன்.

"வாங்கண்ணா" என்றாள் உன் மனைவி. உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். ரோபோவின் கையைப் பிடித்து நடத்தியது நீ, பெயர் வாங்கியது நான், அந்த வேலை உன்னுடையது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"போதும்ணா. செத்தவரைப் பெருசாக்கணும்னு நீங்க விடுற கதை எனக்குத் தெரியாதா? அவருக்கு வரலைன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க."

"சத்தியமாம்மா!"

"நீங்க பண்ணாத சத்தியமா?" என்று டீயை என் கையில் கொடுத்தாள்.

குடித்தேன். வேறு என்ன செய்ய? நாளை காலை, நீ நின்று பார்க்கிற இடத்தையெல்லாம் என் கையாலேயே அழித்தாக வேண்டும். அதற்குப் பிறகு அது உன் கை என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இந்த வாயை எவன் நம்புவான், சொல்லுடா.