எதிர்க்கடைக்காரருக்கு இரண்டு

பிப்ரவரி 4

பாட்டியை அடக்கம் செய்தபிறகு இன்றுதான் பேக்கரியைத் திறந்தோம். சித்தப்பா உள்ளேகூட வரவில்லை, வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஹோட்டல்காரர் இருபதாம் தேதி வர்றார். பழக் கேக் அம்மா செஞ்ச மாதிரியே இருந்தா ஆர்டர் தொடரும். இல்லேன்னா இடத்தைக் கொடுத்துடலாம்மா. கேக்க ஆள் இருக்கு."

எங்கள் வியாபாரத்தில் பாதி அந்த ஹோட்டல்தான். அது போனால் அடுப்பை இடித்துவிடுவார்கள். பாட்டியின் அடுப்பை!

ரொட்டியும் பன்னும் அடுப்பில் வேலை செய்யும் அக்கா பார்த்துக்கொள்வாள். பழக் கேக்கை மட்டும் பாட்டி யார் கையிலும் விட்டதில்லை. "நான் செய்றேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

பிப்ரவரி 7

அளவு, பக்குவம் எல்லாம் தெரியும். சின்ன வயதிலிருந்து பக்கத்தில் நின்று மாவு கலக்கியவள் நான். வேகும் நேரம்தான் தெரியாது. பாட்டிக்குக் கடிகாரம் ஆகாது. அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து செபமாலை உருட்டுவாள். முடிந்ததும் "எடு!" என்று ஒரு அதட்டல். அக்கா தட்டை இழுப்பாள். நடுவில் இரும்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது, கேக் அமுங்கிவிடும்.

ஆக, ஒரு செபமாலை. அவள் முக்காலியிலேயே உட்கார்ந்து சொன்னேன். "எடு" என்றேன். மேலே நன்றாகச் சிவந்திருந்தது. வெட்டினால் உள்ளே கூழ்.

"பாப்பா, நீ செபம் சொன்னியா, ரயிலைப் பிடிக்க ஓடினியா?" என்றாள் அக்கா.

பிப்ரவரி 8

மெதுவாகச் சொன்னேன். மாதா மன்றாட்டுமாலையையும் சேர்த்தேன். மறுபடியும் கூழ்.

பிப்ரவரி 10

சித்தப்பா பொறுமை இழந்து செல்போனில் குத்துமதிப்பாக நேரம் வைத்தார். கரி. "இதைப் போட்டே அடுத்த கேக்கைச் சுடலாம்" என்று அக்கா சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை.

இப்படிப் போட்டுப் போட்டுப் பார்க்கவும் முடியாது. ஊறவைத்த பழம் தீர்ந்துகொண்டே வருகிறது. புதிதாக ஊறவைத்தால் இருபதாம் தேதிக்குள் பக்குவப்படாது.

பிப்ரவரி 11

இன்று மனசு சரியில்லை. பாட்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாத்தா இறந்தபோது அவளுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு தொழிலும் தெரியாது. கடன் கேட்டு பேங்குக்குப் போனாள். மேனேஜர், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றாராம். "அவர் கல்லறையில இருக்கார். வாங்க, சேர்ந்து போய்க் கூப்பிடுவோம்" என்றாளாம் பாட்டி. கடன் கிடைக்கவில்லை. மூடிக்கிடந்த பேக்கரியின் விரிசல் விட்ட அடுப்பை வாடகைக்கு எடுத்து, தானே மண் குழைத்துப் பூசினாள். கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றாள்.

அவள் கேக்கில் போடுவது கூழ்முட்டை என்று எதிர்க்கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்தபோது அவள் சண்டைக்குப் போகவில்லை. முட்டைக் கூடையை வாசலுக்கே தூக்கிவந்து, வருகிறவர் போகிறவர் கண் முன்னால் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்தாள். ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமையும் சரக்கு கேட்டபோது, "அன்னிக்கு நான் வேற முதலாளிகிட்ட வேலை பாக்குறேன்" என்றாள். யாரிடமும் குரல் தணித்துப் பேசி நான் பார்த்ததில்லை, கோயிலில் தவிர.

இப்படிப்பட்டவளின் கேக்கை எனக்கு வேகவைக்கக்கூடத் தெரியவில்லையே!

பிப்ரவரி 14

பாட்டிக்கு முப்பதாம் நாள் பூசை. எதிர்க்கடைக்காரர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தவரை அவளைப் படுத்தாத பாடா?

வெளியே வந்ததும் அக்காவிடம் புலம்பினேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "அழட்டும் விடு பாப்பா. அவருக்குத்தானே அம்மா ரெண்டு சொல்லுவாங்க."

"எதை ரெண்டு?"

"செபமாலை மணியை மடியில போட்டப்புறமும் வாய் அசையுமே. ஒவ்வொரு பேரா சொல்லி ஆளுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. செத்துப்போனவங்க, மாவு மண்டிக்காரர், கடன் தராத அந்த பேங்க் மேனேஜர், நாங்க வேலைக்காரங்க, எல்லாரும். எதிர்க்கடைக்காரருக்கு மட்டும் ரெண்டு. 'அந்த ஆளுக்கு ஒண்ணு பத்தாது'ம்பாங்க."

"இதை ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?"

"நீ செபமாலையைத்தானே கேட்ட? நான் என்ன உங்க கோயிலா? எது எதுல சேர்த்தின்னு எனக்கென்ன தெரியும்?"

நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 18

கடைசிப் பழம். இதுவும் போனால் அவ்வளவுதான். சித்தப்பா கைகட்டி நின்றார்.

செபமாலை முடிந்தது. அக்கா பேர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்க, ஒவ்வொருவருக்கும் சொன்னேன். முகம் தெரியாத மேனேஜருக்கும் சொன்னேன். எதிர்க்கடைக்காரருக்கு முதலாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இரண்டாவது கொஞ்சம் சுலபமாகத்தான் வந்தது. ஓ, அதற்குத்தான் இரண்டா பாட்டி?

"முடிஞ்சுதா?" அக்கா கதவில் கை வைத்தாள்.

"இன்னும் ஒருத்தர் பாக்கிக்கா."

பாட்டிக்குச் சொன்னேன். பாதியில் வரி தவறியது, திரும்ப முதலிலிருந்து சொன்னேன். பிறகு "எடு!" என்றேன். அதட்டலாக வரவில்லை, அழுகையாக வந்தது.

வெந்திருந்தது. நடுவரைக்கும் வெந்திருந்தது. சித்தப்பா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். பிறகு, "நேரத்தைக் குறிச்சுக்கிட்டேன். இனிமே செல்போனே போதும், இந்த முணுமுணுப்பெல்லாம் வேணாம்" என்றார்.

பிப்ரவரி 20

ஹோட்டல்காரர் இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதைப் பொட்டலம் கட்டித் தரச் சொன்னார். ஆர்டர் தொடர்கிறது. இடத்தைக் கேட்டவரிடம் "இல்லை" என்று சித்தப்பாவே சொல்லி அனுப்பிவிட்டார்.

மார்ச் 9

எனக்குக் காய்ச்சல், பேக்கரிக்குப் போகத் தாமதமாகிவிட்டது. போனபோது பழக் கேக் அடுப்பில் இருந்தது. முக்காலியில் சித்தப்பா, கண்ணை மூடிக்கொண்டு. செல்போனில் வைத்த நேரம் முடிந்து மணி அடித்தது. அக்கா கதவைத் திறக்கப் போனாள். அவர் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினார்.

"இரு, அம்மாவுக்கு இன்னும் சொல்லலை."

காத்திருந்தோம். கேக் ஓரத்தில் கொஞ்சம் கருகிவிட்டது. அந்த ஓரத்தை வெட்டி நாங்கள் மூவரும் தின்றோம்.