தம்பியை அழைத்துவரத் தஞ்சாவூர் போனது

போலகம்,
மாசி மாதம், 1956.

என் செல்ல மகள் கல்யாணசுந்தரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தச் சைகோனில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்று திருநள்ளாற்றில் உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். உடம்புதான் நன்றாக இருக்கிறதே தவிர மனசு கொதித்துக்கொண்டிருக்கிறது, எல்லாம் உன் தம்பி சோமசேகரனால். தீபாவளி கழிந்து, தஞ்சாவூரில் சிநேகிதன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவன் பொங்கலுக்கும் வரவில்லை, போட்ட கடிதத்துக்குப் பதிலும் இல்லை. இதற்குள் முத்தையன் மாமா காரைக்காலில் யார் யாரையோ பிடித்து ஒரு அரிசி மில்லில் அவனுக்குக் கணக்கு எழுதும் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டான், திங்கட்கிழமை காலையில் முதலாளி முன்னால் போய் நிற்கவேண்டும். அப்பாவிடம், போய் அவனைக் கூட்டி வாருங்கள் என்றால், அவனா வந்தா வரட்டும் என்று வயலுக்குப் போய்விட்டார். நான்தான் ரயிலேறிப் பேரளம், மாயவரம் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

வருகிறேன் என்று முன்பே கார்டு போட்டிருந்ததால் ஸ்டேஷனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்த முகமாக வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு குதிரை வண்டியில் ஏற்றிவிட்டான். பிரெஞ்சு படித்த பிள்ளை என்ன செய்கிறான் தெரியுமா, புதுச்சேரியிலிருந்து வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறானாம். எனக்கும் காட்டத் தொடங்கிவிட்டான். அம்மா, இது சோழன் ஆண்ட ஊரு, அப்புறம் நாயக்கரு, அப்புறம் மராட்டியரு, ஆண்டவங்க எல்லாம் போயிட்டாங்க, ஊரு இன்னும் அவங்க பேரைச் சொல்லித்தான் சாப்புடுது என்கிறான். கடைத்தெருவில் வெள்ளித் தகடு பதித்த தட்டு, தலையாட்டி பொம்மை, ஒரு சந்தில் பலா மரத்தைக் குடைந்து வீணை செய்கிறார்கள், நெல் வண்டிகள் மில் வாசலில் வரிசையாக நிற்கின்றன. வெளியூர்க்காரங்க ரெண்டு பேரு வந்து எறங்குனா வண்டிக்காரன், பூக்காரி, தட்டுக் கடைக்காரன், காபி ஓட்டல் எல்லாருக்கும் பொழப்பு ஓடுதும்மா என்றான். எல்லாருக்கும் ஓடுதுடா, உனக்கு என்ன ஓடுது, மாசம் பொறந்தா சம்பளம் உண்டா என்று கேட்டேன். உடனே அரண்மனை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னான். உள்ளே எங்கெங்கோ கிடைத்த சாமி சிலைகளை எல்லாம் வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள், பூ இல்லை விளக்கு இல்லை, நான் கும்பிடுவதா வேடிக்கை பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் பெரிய கோயிலில் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் இவனுக்காகக் காத்திருந்தார்கள். கோபுர நிழல் தரையில் விழாது என்று அங்கே காலமெல்லாம் சொல்லிச் சுற்றிக்காட்டுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், நானும் சின்ன வயசிலிருந்து அப்படித்தான் கேட்டிருக்கிறேன். உன் தம்பி அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டுபோய் நிழலிலேயே நிற்கவைத்து, இதோ விழுகிறது பாருங்கள் என்று காட்டுகிறான். பெரியவருக்கு வந்ததே கோபம், வந்த எடத்துல எங்க சோத்துல மண்ணைப் போடுறியா என்று அடிக்கவே வந்துவிட்டார். நெழலு விழுந்தா என்ன, விழாட்டி என்ன, நீ ஊருக்கு வாடா, மில்லு வேலை போயிடும் என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை. நம்ம ஊருல பிரெஞ்சுக்காரன் கொடி எறங்குனதுலேருந்து இந்தப் பிரெஞ்சு எதுக்குடா ஆவும்னு எல்லாரும் கேட்டீங்க, நானும் மூலையில உக்காந்து கேட்டுக்கிட்டேன், இங்க வந்துதான் எனக்கு வாயே தொறந்துச்சு, மில்லுல போயி திரும்ப மூட மாட்டேம்மா என்றான். நந்தி மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த வெள்ளைக்கார அம்மாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் என்னவோ சொன்னாள். என்னடா சொல்றாங்க என்றேன், உங்க புள்ள பொய் சொல்லாம காட்டுறான்னு சொல்றாங்க என்றான். அவள்தான் சொன்னாளோ, இவனே கட்டிச் சொன்னானோ யார் கண்டது.

தனியாகத்தான் திரும்பி வந்தேன். திங்கட்கிழமையும் போயிற்று, மில்லில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். தலைகுனிய வச்சிட்டியேக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போன முத்தையன் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. உன் தம்பிக்குப் பார்த்திருந்த திருமலைராயன்பட்டினத்துப் பெண் வீட்டில், பையனுக்கு வேலை அமையட்டும் பிறகு பேசலாம் என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா சாப்பிடுகிறார், எழுந்து வயலுக்குப் போகிறார்.

அவரிடம் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். திரும்பும்போது கும்பகோணத்தில் ஏறிய ஒரு பெண்பிள்ளை, நான் மகனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும், மகன் என்ன செய்யறாரு என்று கேட்டாள். தஞ்சாவூரைச் சுத்திக் காட்டுறான் என்றேன். அதுவும் ஒரு வேலையா என்று சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மாயவரம் வரும்வரை அவளை விடவில்லை, சோழன், நாயக்கர், மராட்டியர், அரண்மனை, வீணைக்காரர், தரையில் விழுகிற அந்த நிழல், எல்லாவற்றையும் அவன் சொன்ன மாதிரியே சொன்னேன். கடைசியில் அவள், எங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போயி ஒருநாள் பாக்கணும் என்றாள். போனா கோயில் வாசல்ல போலகம் சோமசேகரன்னு கேளுங்க என்று சொல்லி, பேரை மறந்துவிடப்போகிறாள் என்று இரண்டு தரம் அவள் வாயாலேயே சொல்லவைத்தேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

நீ அவனுக்கு உடனே எழுது, உன் பேச்சைத்தான் கேட்பான், பெரியவரோடு மல்லுக்கு நிற்காமல் வேளைக்குச் சாப்பிடச் சொல். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு, மாப்பிள்ளையை நாங்கள் விசாரித்ததாகச் சொல். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருங்கள். பதில் போடுவதில் நீயும் உன் தம்பியைப்போல இருந்துவிடாதே.

உன் அம்மா,
ராஜம்.